ஆக்ஸில் சூடு காட்டும் மீட்டர்: கிரௌன் ஆயிலை எப்போது மாற்றுவது?

என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் குச்சி விட்டுப் பார்ப்பவர்கள்கூடப் பின் ஆக்ஸிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே ஒழுகினாலோ, கிரௌன் ஊளையிட ஆரம்பித்தாலோதான் அதன் நினைவு வரும். மாற்றும் கெடுவுக்குக் கையேட்டில் ஒரு கிலோமீட்டர் எண் இருக்கிறது. பக்கத்திலேயே, கடினமான பயன்பாடு என்றால் முன்கூட்டியே மாற்றவும் என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு முன்கூட்டி? அதைக் கணக்காகக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கத்தான் பொலேரோ பிக்கப்பின் பின் ஆக்ஸிலில் வெப்பமானி பொருத்தி ஓட்டினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர், இறங்கும்போது கேரட். இடையிடையே கோவை–சேலம் நெடுஞ்சாலை. இந்தச் சோதனைக்கு ஏற்ற வண்டி.

முதலில் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பினியனும் கிரௌன் வீலும் ஹைப்பாய்டு பற்கள். ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு நிற்காமல், அழுத்தத்தோடு வழுக்கியும் போகும். அந்த வழுக்கலில் உராய்வு, உராய்வில் சூடு. பாரத்தோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பிக்கப்பின் ஆக்ஸில் வழியாகச் சுமார் 20 கிலோவாட் சக்தி போகிறது. அதில் நூற்றுக்கு ஐந்து வீணானாலும் ஒரு கிலோவாட். இஸ்திரிப் பெட்டி ஒன்றை ஹவுசிங்குக்குள் வைத்து விடாமல் எரிப்பது மாதிரி. உள்ளே இருக்கும் ஆயிலோ இரண்டு லிட்டருக்கு முன்பின். பம்பு கிடையாது, ஃபில்டர் கிடையாது, கூலர் கிடையாது. ஹவுசிங்கின் மேல் அடிக்கும் காற்றுதான் குளிர்ச்சி.

நான் வாங்கியது பெயர் சொல்லும்படியான பிராண்டு அல்ல. 52 மி.மீ. வட்ட மீட்டர், 40 முதல் 150 டிகிரி வரை அளவு, எச்சரிக்கை பீப், அந்த ஓட்டத்தில் எட்டிய உச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு பட்டன். கூடவே திருகு போட்ட சென்சார். இதன் இடத்தில் எந்தக் கம்பெனி மீட்டரை வைத்தாலும் கீழே சொல்வது பொருந்தும். நல்லது கெட்டது மீட்டரைவிடப் பொருத்துவதில்தான் இருக்கிறது.

சென்சாரை எங்கே வைப்பது? ஃபில்லர் பிளக் இருக்கும் இடம் ஆயில் மட்டத்தின் விளிம்பு. வண்டி ஓடும்போது ஆயில் சிதறிக்கொண்டே இருப்பதால் அங்கே முள் நிலையாக நிற்காது. ஹவுசிங்கின் வெளியே ஒட்டும் வகைக்கு எதிர்க்காற்று பட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பதைக் குறைத்துத்தான் சொல்லும். டிரெயின் பிளக்குக்குப் பதிலாகச் சென்சார் ஏறும்படி லேத்தில் ஓர் அடாப்டர் கடைந்து போடுவதுதான் சரி. எப்போதும் ஆயிலுக்குள் மூழ்கி இருக்கும். கல் தட்டும் அபாயம் உண்டு. அதற்கு இரும்புப் பட்டையில் ஒரு காப்பு வளைத்துப் போட்டுவிடலாம். பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் தொலைத்துவிடாமல் அடாப்டரின் நுனியில் மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். அதன் வேலை பின்னால் வருகிறது.

ஒற்றை வயர் சென்சார் என்றால் எர்த் ஹவுசிங் வழியாகத்தான் வர வேண்டும். ஆக்ஸில் பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகிறது, ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவே ரப்பர் புஷ். போதாததற்குத் திருகில் டெஃப்லான் டேப் சுற்றிவிடுவார்கள். எர்த் அரைகுறையானால் சர்க்யூட்டில் தடை கூடும். இந்தச் சென்சார்களில் தடை கூடினால் சூடு குறைவு என்று பொருள். ஆகவே பழுது வந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். உள்ளே ஆயில் கொதித்துக்கொண்டிருக்க, முள் பச்சையில் படுத்திருக்கும். இரண்டு வயர் சென்சாராகவே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஹவுசிங்கிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஓர் எர்த் வயர் இழுத்துவிடுங்கள். வயரை பிரேக் பைப் போகும் வழியிலேயே கொண்டுபோய், ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும்.

மாட்டும் முன் சென்சாரைக் கொதிக்கிற நீரில் முக்கிப் பாருங்கள். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 99-ஐ ஒட்டி வர வேண்டும், ஊட்டியில் 93-ஐ ஒட்டி. நான் வாங்கியது 97 காட்டியது. இரண்டு டிகிரி வித்தியாசத்தை மனக்கணக்காகக் கூட்டிக்கொள்ளலாம், அது பெரிய குறையில்லை.

இனி ஓட்டம். காட் ரோடுதான் ஆக்ஸிலைக் காய்ச்சும் என்பது பொதுவான நம்பிக்கை. கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கும்போது 58-ல் இருந்த முள், பர்லியாறில் 74, குன்னூர் போய்ச் சேரும்போது 91. ஏற்றம் முழுக்க நிதானமான உயர்வு. ஹவுசிங் கனத்த இரும்பு, சீக்கிரம் சூடேறாது. இறக்கத்தில், கேரட் பாரத்தோடு, இரண்டாவது கியரில் என்ஜின் பிடித்து வந்தபோது முள் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. காந்தியது பிரேக் டிரம்தான், அந்தச் சூடு ஆக்ஸிலின் முனைகளோடு நின்றுவிடுகிறது. ஆனால் மே மாத மதியம் சேலம் சாலையில் பாரத்தோடு 80-ஐப் பிடித்து ஓட்டியபோது முள் 104-க்குப் போய் அங்கேயே நின்றது. மலையில் வேகம் குறைவு, அதனால் ஆக்ஸில் வழியே போகும் சக்தியும் குறைவு. நெடுஞ்சாலையில் சக்தியும் கூட, கிரௌன் வீல் ஆயிலைக் கடையும் வேலையும் கூட, வெளிக்காற்றும் அனல்.

இதை வைத்து மலைச்சாலை ஆக்ஸிலுக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மெதுவாகச் சுற்றும் பற்களின் நடுவே ஆயில் படலம் மெலியும். கனத்த இழுவையில் உலோகம் உலோகத்தைத் தொடும் நிலை வரும். ஜிஎல்-5 ஆயிலில் இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அப்போதுதான் பல்லின் மேல் ஒரு காப்புப் பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தாங்குகின்றன. பற்கள் மோதும் புள்ளியில் எழும் வெப்பம் அடியில் தேங்கியிருக்கும் ஆயிலின் வெப்பத்தைவிட மிக அதிகம். டிரெயின் பிளக்கில் இருக்கும் சென்சாருக்கு அது எட்டவே எட்டாது. ஏற்றத்தில் மூக்கு தூக்கிய வண்டியில் ஆயில் பின்னால் சாய்ந்துவிடுவதால் முன்பக்கப் பினியன் பேரிங்குக்கு ஆயில் குறைவதும் இந்த மீட்டருக்குத் தெரியாது.

பட்டறையில், “140 ஊத்துங்கண்ணா, சத்தமே வராது” என்றார் மெக்கானிக். சத்தம் குறைந்தது உண்மை. 100 டிகிரியில் 90 தர ஆயிலின் பிசுபிசுப்பு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை, 140 தரத்துக்கு 24-லிருந்து 32.5 வரை. அவ்வளவு கெட்டியானதைக் கடைய வேண்டியிருப்பதால், அதே நெடுஞ்சாலையில், அதே அளவு பாரத்தில், முள் முன்பைவிட மேலே போய் நின்றது. கெட்டியான ஆயில் சூட்டைக் குறைக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த கிரௌனுக்கு 140 ஊற்றுவது வேறு விஷயம். நல்ல நிலையில் உள்ளதற்குக் கையேட்டில் சொன்ன தரமே போதும். மட்டத்துக்கு மேல் நிரப்பினாலும் இதே கதைதான், ஆயில் சீலும் சேர்ந்து ஒழுகும்.

சரி, ஆயில் மாற்றும் கணக்கு. ஸ்வாந்தே அரேனியஸ் 1889-ல் தந்த சமன்பாட்டிலிருந்து வந்த தோராய விதி ஒன்று உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 80 டிகிரியில் ஒரு மணி நேரத்தை ஒன்று என்று வைத்தால், 90-ல் இரண்டு, 100-ல் நான்கு. கையேடு 40,000 கிலோமீட்டர் சொல்கிறது, உங்கள் சராசரி வேகம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலின் ஆயுள் 1,000 மணி நேரம். ஓடும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு 100-ஐ ஒட்டியும் மீதி 80-ஐ ஒட்டியும் கழிந்தால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆயில் 1.6 மணி நேரத்துக்குச் சமமாகக் கெடுகிறது. 1,000 மணி 625 ஆகிறது. 40,000 கிலோமீட்டர் 25,000-மாகச் சுருங்குகிறது. கறாரான விஞ்ஞானம் அல்ல இது. ஆனால் முன்கூட்டியே என்ற வெறும் சொல்லுக்குப் பதில் ஓர் எண் கிடைக்கிறது. இந்த மீட்டரின் பெரிய குறை இங்கேதான்: உச்சத்தை மட்டும் நினைவில் வைக்கிறது, எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்பதை வைப்பதில்லை. அதை நோட்டில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நேரத்தையும் பதியும் வகை கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து அதையே வாங்குங்கள்.

கணக்கைத் திருப்பிப் போட்டு, முள் 70-ஐத் தாண்டவே இல்லை, ஆகவே 80,000 வரை ஓட்டலாம் என்று போகாதீர்கள். சூடு பார்த்து முன்னால் மாற்றலாம், தள்ளிப்போடக் கூடாது. சூடே ஏறாத ஆக்ஸிலில் உள்ளே படியும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. காய்ந்த ஆக்ஸிலோடு வெள்ள நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டெனச் சுருங்கும். ஹவுசிங்கின் காற்றுப்போக்கியான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் மோர் நிறத்துக்குப் போனால் அன்றைக்கே மாற்ற வேண்டும், மீட்டர் எதைக் காட்டினாலும் சரி. அதேபோல டிரெயின் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். விரலில் மை மாதிரி ஒட்டும் சாம்பல் நிறக் குழைவு வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. புது கிரௌன் செட் போட்டவர்கள் முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கிவிடுவதும் அந்த உலோகப் பொடிக்காகத்தான்.

ஆயில் கணக்குக்காக வாங்கிய இந்த மீட்டர் எனக்கு அதிகம் உதவியது வேறொன்றுக்கு. ஒரே சாலை, ஒரே பாரம், ஒரே பருவம் என்றால் முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அது ஒருநாள் பத்துப் பதினைந்து டிகிரி மேலே போனால் ஆயில் இறங்கியிருக்கிறது, அல்லது பேரிங் இறுகுகிறது. ஊளைச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். பீப் ஒலிக்கும் அளவை 115-ல் வைத்திருக்கிறேன். 120-ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் சாதாரண மினரல் ஆயில் தாங்காது. பீப் வந்தால் வேகத்தை 60-க்குக் குறைப்பேன். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி, ஆறவிட்டு, ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரல் விட்டு மட்டம் பார்க்க வேண்டும்.

அடாப்டர், வயர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு நல்ல டயரின் விலைகூட ஆகவில்லை. பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடும் பிக்கப், டிரெய்லர் இழுக்கும் வண்டி, டிப்பர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் போடலாம். ஊருக்குள் ஓடும் காருக்கு இது வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஜிஎல்-5 ஆயில் வாங்கிக் கெடு தவறாமல் மாற்றி, பிரீதரைச் சுத்தம் செய்தால் போதும்.