சாரம் கட்டி நின்ற கொட்டாஞ்சேனை

"கொழும்பில பார்க்க என்ன கிடக்கு?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ லீவில் வந்து, வெள்ளவத்தையில் மாமி வீட்டு மாடியில் தங்கி, தாமரைக் கோபுரத்தில் ஒருமுறை ஏறி, காலிமுகத்திடலில் இறால் வடை கடித்து, மிச்ச நாட்களைக் கல்யாண வீடுகளுக்கும் செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கும் பங்கு வைத்துவிட்டுப் போகிறவர்கள். அந்த 350 மீற்றர் கோபுரத்திலிருந்து ஊர் முழுக்கத் தெரியும் என்பது உண்மைதான். கூரைகளாகத் தெரியும்.

மறுபடி வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காலி வீதியில் நின்று 155ஆம் இலக்க பஸ்ஸை மறியுங்கள். நேர்வழி போகத் தெரியாத பஸ் அது. பம்பலப்பிட்டி தாண்டியதும் கடலை விட்டு உள்ளே திரும்பி, தும்முல்லை, கம்பஸ், நகர மண்டபம், மருதானை, ஆமர் வீதி என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்து சேரும். ஓட்டோவில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் கொழும்பு 6 எப்படிக் கொழும்பு 13 ஆக மாறுகிறது என்பதை ஜன்னலோரம் இருந்து பார்ப்பதும் இந்தச் சுற்றுலாவில் சேர்த்தி.

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை 'அறியாத இடம்' என்று எழுதினால் கொழும்புத் தமிழர் சண்டைக்கு வருவார்கள். சிவராத்திரிக்கு அங்கே கால் வைக்க இடம் இராது. ஆனால் கும்பிடப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து ஒரு படம் எடுத்துவிட்டு ஓட்டோவுக்குத் திரும்புகிறார்கள். உள்ளே நிற்கும் தூண்களை நின்று பார்ப்பவர் குறைவு.

முழுக்க முழுக்கக் கருங்கல். 1850களில் பொன்னம்பலம் முதலியார் எழுப்பிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் முடித்து, விஜயநகரப் பாணியில் கல்லாக்கினார். கொழும்பின் மற்றக் கோயில்களில் சுதையும் வர்ணமும் கண்ணைப் பறிக்கும். பச்சைக் கிளியும் நீலக் கண்ணனும் றோஸ் நிறப் பூதங்களும் கோபுரமெங்கும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன், அதற்கென்று ஒரு குதூகலம் உண்டு. இங்கே வர்ணத்துக்கு வேலையில்லை. வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் கண் இருண்டு, ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றுமே தெரியாது. முதலில் காலில் குளிர்ச்சி. பிறகு எண்ணெய் மணம். அதற்கப்புறம்தான் தூண்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வருகின்றன.

ஒரு தூணை மட்டும் எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே போய்ப் பாருங்கள். அடியில் சதுரம். சதுரம் முடிந்து எட்டுப் பட்டையாகிற இடத்தில், மூலைகளில் சின்னதாகப் படம் எடுத்த பாம்பு மாதிரி ஒரு முனை நிமிர்ந்திருக்கும். ஸ்தபதிகள் நாகபந்தம் என்பது அதைத்தான். சதுரத்தின் மூலையைச் சும்மா சீவிவிட்டால் அந்த இடம் வெட்டுப்பட்டதுபோல் மொட்டையாக நிற்கும். வெட்டு தெரியாமல் மறைக்க வேண்டிய இடத்தில் ஒரு அழகை வைத்துவிட்டார்கள். மேலே போனால் தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டினாற்போல் போதிகை; அதன் நுனியில் தலைகீழாகத் தொங்கும் பூமொட்டு. பாரம் தாங்குகிற கல் அது. அதன் நுனியில் ஒரு மொட்டைத் தொங்கவிட்டதும் பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

போதிகைக்கு அலங்காரத்தைவிட முக்கியமான காரியம் ஒன்று உண்டு. கருங்கல்லின் மேல் எவ்வளவு பாரத்தையும் ஏற்றலாம். ஆனால் இரண்டு தூணுக்கு நடுவே நீளமாகக் கிடத்தினால், தன் பாரத்திலேயே அடிப்பக்கம் வெடித்துவிடும். மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள வளைந்து கொடுக்கும் குணம் அதற்கில்லை. ஆகவே தூண்களை நெருக்கமாக நட வேண்டும். போதிகையை இருபக்கமும் நீட்டி, உத்தரக்கல் தாண்ட வேண்டிய தூரத்தை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். கருங்கல் மண்டபத்துள் நடக்கும்போது தூண்காட்டுக்குள் நடக்கிற உணர்வு வருகிறதே, அதற்கு அடிப்படை பக்தி மாத்திரம் அல்ல, கல்லின் பலவீனமும்தான். அந்தப் பலவீனத்தை இவ்வளவு கம்பீரமாக்கியவர்களை என்ன சொல்வது! இன்னொன்றும் உண்டு. தூண், உத்தரம், போதிகை எல்லாம் மரவேலையில் பிறந்த வடிவங்கள். கல் இங்கே மரமாக நடிக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், இரண்டு தெரு தள்ளித் தேவைப்படும்.

நான் இப்படித் தூணைத் தடவிக்கொண்டு நின்ற ஒரு பகலில், பூத்தட்டோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். "தம்பி, தூணைப் பார்க்கிறதெண்டால் பின்னேரப் பூசைக்கு வாங்கோ. விளக்கு வெளிச்சத்திலதான் அதுகள் அசையும்," என்றார். போனேன். தீபம் காட்டும்போது நிழல் பட்டையிலிருந்து பட்டைக்குத் தாவுகிறது. எட்டுப் பட்டையின் உண்மையான உபயோகம் அப்போதுதான் விளங்கியது. மின்விளக்கின் தட்டையான வெளிச்சம் செதுக்கிய கல்லுக்குப் பகை.

நடராசரின் ஆட்டத்துக்குப் பொருள் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி, 1918இல் நியூயோர்க்கில் நூலாக வெளியிட்டு மேல்நாட்டாரைத் திரும்பிப் பார்க்க வைத்த ஆனந்த குமாரசுவாமி, இராமநாதனின் தாய்மாமன் மகன், கொழும்பில் பிறந்தவர். மச்சான்மார் இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே கூத்தனை, ஒருவர் கல்லிலும் மற்றவர் எழுத்திலும், எழுந்தருளப் பண்ணியிருக்கிறார்கள்.

இனி எனக்கு வெகுநாளாக ருசியாக இருக்கும் ஒரு விஷயம். இராமநாதனின் வீடான 'சுகஸ்தான்' கொட்டாஞ்சேனையில் இருக்கவில்லை. கறுவாத்தோட்டத்தில் வார்ட் பிளேஸில் இருந்தது. தம்பி அருணாசலத்தின் 'பொன்கிளார்' ஹோர்ட்டன் பிளேஸில். முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் ஒருகாலம் பெரிய மனிதர்களின் வளவுகள் இருந்த பகுதி. 1875இல் துறைமுகத்தின் முதல் அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் கல் நட்டார், கப்பல்கள் பெருகின, நிலக்கரித் தூசும் கூலிலைன்களும் கிட்டங்கிகளும் வந்தன, பணக்காரர் தெற்கே நகர்ந்தார்கள். மனிதர் வீடு மாறிப்போன அதே காலத்தில்தான் கடவுளருக்கு இங்கே பெரிய பெரிய வீடுகள் எழும்பின. புனித லூசியாள் பேராலயத்தின் நீண்டகால வேலை 1902இல் முடிவுக்கு வந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் ஒருபுறம் கருங்கல் கோயில், மறுபுறம் ஒரு சியாம் தாதுகோபுரம். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது கொட்டாஞ்சேனையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதோ ஒரு மதம் சாரம் கட்டி ஏறிக்கொண்டிருந்திருக்கும்.

சியாம் தாதுகோபுரமா என்று கேட்பீர்கள். தீபதுத்தாராமய விகாரைக்குள் போங்கள். இலங்கையில் நாம் பழகிய வெள்ளைக் குமிழ் அங்கே இல்லை. அடுக்கடுக்காக ஏறிக் கூராக முடிகிறது. அதற்குக் காரணமானவர் பிரிஸ்டாங் இளவரசர். சியாம் அரச குடும்பத்தில் பிறந்து, ஐரோப்பிய அரசவைகளில் தன் நாட்டின் தூதராக இருந்தவர். அரசருக்கு அதிகாரம் இவ்வளவு வேண்டாம், அரசியலமைப்பு வேண்டும் என்று 1885இல் சூளலங்கோர்ண் மன்னருக்கு எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பிறகு நாட்டைவிட்டுப் போய், 1896இல் இலங்கையில் துறவு பூண்டு, ஜினவரவம்ச தேரர் ஆனார். 1905 முதல் சில வருடங்கள் இந்த விகாரையின் அதிபதி அவரே. 1911இல் மன்னரின் ஈமக்கிரியைக்கு ஊர் திரும்பியவரின் காவியைக் களைய வைத்துவிட்டார்கள். ஜம்பட்டா வீதியின் மீன் மணத்துக்கும் ஓட்டோ ஹோர்னுக்கும் பக்கத்தில், அரண்மனையை இழந்த ஒருவர் தன் ஊரின் கோபுர வடிவத்தை நினைவிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம்மவர் எத்தனையோ பேர் வெளிநாடுகளில் செய்துகொண்டிருக்கும் காரியம்தான். சுவிஸிலும் கனடாவிலும் நல்லூரைக் கட்டிப் பார்ப்பவர்களுக்கு இளவரசரின் மனது சுலபமாக விளங்கும்.

இதே விகாரையில்தான், 1885 ஏப்ரல் 28, வெசாக் தினத்தன்று, பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஏற்றியவர் மீகெட்டுவத்த குணானந்த தேரர். இன்று உலகமெங்கும் பறக்கிற கொடி. முதலில் வரைந்தபோது அது நீண்ட வால் வடிவத்தில் இருந்ததாம்; ஊர்வலத்தில் தூக்க வசதியில்லை, வழமையான கொடி அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்று, இலங்கைப் பௌத்தர்களோடு சேர்ந்து உழைத்த அமெரிக்கரான ஒல்கொட் திருத்தினார். நூறு பிரசங்கங்களைவிட இந்தத் திருத்தம் எனக்குப் பிடிக்கும். கொடிக்குப் பின்னால் ஒரு கசப்பும் இருக்கிறது: 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு, இதே தெருக்களில் பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. அதற்கு நீதி கேட்டு ஒல்கொட் லண்டன்வரை போனதன் பலன்களில் ஒன்றுதான் வெசாக் விடுமுறை.

லூசியாள் பேராலயத்தின் முன்னால் நிற்கும்போது அந்தக் கலவரம் மனதில் வராமல் இராது, ஆனால் கண் வேறு எங்கோ போகிறது. முகப்பில் உயர்ந்த தூண்கள், மேலே குவிமாடம். கிட்டப்போய்த் தூணைத் தட்டிப் பாருங்கள். சாந்து பூசி மெழுகியது. இரண்டு தெரு தள்ளிக் கல் மரமாக நடித்தது. இங்கே சாந்து கல்லாக நடிக்கிறது. நடிப்பு என்று சொல்வதில் இளக்காரம் ஒன்றும் இல்லை. கடற்காற்றின் உப்பு பட்டு அங்கங்கே பூச்சு உரிந்து, வருடாவருடம் மறுபடி பூசி, தூணின் விளிம்புகள் மழுங்கி மிருதுவாகியிருக்கின்றன. கருங்கல்லுக்குக் கிடைக்காத முதுமை இது.

உல்பெண்டால் தேவாலயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது அழகில்லாத கட்டடம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்தார்கள். சிலுவை வடிவம், ஏறக்குறைய ஐந்தடித் தடிப்பில் செம்புறைக்கல் சுவர். கோட்டை கட்டத் தெரிந்தவர்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது தரையை. 1813இல் கோட்டையிலிருந்த பழைய ஒல்லாந்தக் கோவிலிலிருந்து ஐந்து தேசாதிபதிகளின் எச்சங்களை இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். கல்லறைப் பலகைகளும் கூட வந்தன. குடும்பச் சின்னங்கள் புடைப்பாகச் செதுக்கியிருக்கும். காலையில் வாசல் திறந்து வெயில் சாய்வாக விழும் நேரத்தில், நடந்து நடந்து தேய்ந்த எழுத்துகளும் கொஞ்ச நேரத்துக்கு வாசிக்கத் தெரியும். டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்தின் வளைவுகளை ரசிக்க மொழி வேண்டாம். எந்த எழுத்து எந்தக் காலடியில் தேய்ந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றால் ஒரு மணித்தியாலம் போகும்.

திரும்ப வெள்ளவத்தைக்கு வந்தால் கல்லில் ஒன்றும் இல்லை. ஒருகாலம் கொழும்பிலேயே பேர்போன நூல்நூற்பு, நெசவு ஆலையும் போய், அந்த நிலத்தில் ஹெவ்லொக் சிற்றி மாடிகள். 57ஆவது ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. புதன்கிழமை மாலை 'அறிவோர் ஒன்றுகூட'லில் யாராவது ஒருவர் எதையாவது பற்றி ஆர அமரப் பேசிக்கொண்டிருப்பார், நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே பழைய சஞ்சிகைகளைப் புரட்டலாம். ஆனால் வெள்ளவத்தையில் நுணுக்கம் பார்க்க வேண்டுமென்றால் நான் பலசரக்குக் கடைக்குத்தான் அனுப்புவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டிகள் காலையில் காலி வீதிக் கடைகளில் பிரியும்: புழுக்கொடியல் கட்டு, பினாட்டு, மோர்மிளகாய், மூக்கைத் துளைக்கும் நல்லெண்ணெய். அவற்றுக்குள் ஒரு பனங்கட்டிக் குட்டானைக் கையில் எடுங்கள். பனையோலையை விரலளவு வார்ந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுத்தி, பசையோ நூலோ இல்லாமல் முடைந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். காய்ச்சிய பாகைச் சூடாக உள்ளே வார்ப்பதால், ஓலையின் நரம்பு பனங்கட்டியின் மேல் அப்படியே பதிந்திருக்கும். குட்டானைப் பிரித்தால் பின்னல் கோலம் பழுப்பில் கிடக்கும். இராமநாதனின் ஸ்தபதி கல்லில் உளி வைத்துச் செய்ததை இங்கே பாகு ஆறுகிறபோது தானாகச் செய்துவிடுகிறது.

"அண்ணை, கனடாவுக்கோ கொண்டுபோறியள்?" என்று கடைக்காரத் தம்பி கேட்டான். ஊர்க்காரனாகிய என்னைப் பார்த்துத்தான். நான் குட்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விதம் அப்படி இருந்திருக்க வேண்டும். "அப்பிடியெண்டால் உந்த இளகினதை வைச்சிட்டு, காய்ஞ்சதாப் பாத்து எடுங்கோ. சூட்கேசுக்கை உருகினால் உடுப்பெல்லாம் எறும்புதான்."