அணு ஆயுதமும் யதார்த்தவாதிகள் காணும் மனிதனும்

கிறிஸ்தவ ஒழுக்கவியல் வகுப்புகளில் அணு ஆயுதம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ரைன்ஹோல்ட் நீபரின் பெயர் துணைக்கு அழைக்கப்படுகிறது. மனிதன் பாவி, நாடுகளோ தனிமனிதனிலும் மிகுந்த தன்னலம் உடையவை, ஆதலால் குண்டைக் குண்டே தடுக்கும், இதைத் துயரத்தோடு ஏற்பதே யதார்த்தம் என்று மாணவர் முடிவு கட்டுகின்றனர். அணு ஆயுதத்தை எதிர்ப்போரை உலகம் அறியாதவர் என்று ஒதுக்கிவிடவும் இவ்வாதம் வசதியாக இருக்கிறது.

இவ்வாதத்தின் முதிர்ந்த வடிவத்தைக் காண விரும்புவோர், அமெரிக்க அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1981இல் வெளியிட்ட சிறு நூலைப் படித்தல் நலம். அணு ஆயுதங்களின் பரவலை ஆராயும் அந்நூல் அடெல்ஃபி வரிசையில் இலண்டனிலிருந்து வெளிவந்தது. படிப்படியாக மேலும் சில நாடுகள் அணு ஆயுதம் பெறுவது உலகிற்கு நன்மையாகவே முடியலாம் என்பது அதன் துணிபு. பழைய போர்களில் தலைவர்கள் வெற்றி கிட்டுமென்று தவறாகக் கணக்கிட்டு இறங்கினர். அணு ஆயுதம் வந்தபின் அழிவின் அளவு எவருக்கும் ஐயமின்றித் தெரியும். முதல் தாக்குதலுக்குப் பின்னும் எதிரியிடம் சில குண்டுகள் எஞ்சக்கூடும் என்னும் அச்சமே எந்த அரசையும் அடக்கிவைக்கும். 1945க்குப் பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேருக்கு நேர் பெரும்போரில் இறங்காததை அவர் சான்றாகக் காட்டுகிறார்.

இந்நூலில் நாம் மதிக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. மேலைநாட்டவர் கையில் குண்டு பத்திரமாக இருக்கும், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் கையிலோ அது ஆபத்து என்னும் எண்ணத்தை வால்ட்ஸ் தயவின்றிக் கண்டிக்கிறார். ஏழை நாடுகளின் தலைவர்களும் தங்கள் உயிரையும் ஆட்சியையும் விரும்புகிறவர்களே என்பது அவர் வாதம். ஐந்து நாடுகளை மட்டும் உரிமையுடையவையாகக் கொண்ட 1968ஆம் ஆண்டு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் பின்னால் மறைந்திருந்த செருக்கை, அமெரிக்கரான அவரே இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டியது வியப்புக்குரியது.

ஆயினும் நூலின் அடித்தளம் எங்கே இருக்கிறது? இதை அறிய, அவர் 1959இல் எழுதிய ‘மனிதன், அரசு, போர்’ என்னும் நூலுக்குச் செல்லவேண்டும். போரின் காரணத்தை மனித இயல்பில் தேடியோர், அரசின் அமைப்பில் தேடியோர், அரசுகளுக்கு மேல் ஓர் அரசு இல்லாத உலக நிலையில் தேடியோர் என மூவகையினரை அவர் வகுக்கிறார். அகுஸ்தீனும் நீபரும் முதல் வகையில் அடங்குவர். மனித இயல்பு 1914இல் போருக்குக் காரணமென்றால், 1910இல் நிலவிய சமாதானத்திற்கும் அதுவே காரணமல்லவா என்று கேட்டு அவர்களை மென்மையாக ஒதுக்கிவைக்கிறார். கேள்வி நியாயமானதே. எல்லாவற்றையும் விளக்கும் ஒன்று எதையும் விளக்காது. 1979இல் வெளியான அவருடைய கோட்பாட்டு நூலிலோ மனித இயல்புக்கு ஏறத்தாழ இடமே இல்லை. உலக அமைப்பின் அழுத்தமே அரசுகளின் போக்கை விளக்கிவிடுகிறது.

ஆனால் 1981ஆம் ஆண்டு நூலில், வெளியேற்றப்பட்ட மனிதன் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறான். குண்டுகளைக் காப்பவன், கருவியின் திரையைப் பார்ப்பவன், ஆணையைப் பெறுபவன் என அவன் எங்கும் நிற்கிறான். அவன் எப்படிப்பட்டவன்? அச்சம் அவனை விழிப்புள்ளவனாக்கும், பொறுப்பு அவனை நிதானமுள்ளவனாக்கும் என்கிறார் வால்ட்ஸ். யதார்த்தவாதம் என்ற பெயரில் மனிதனைக் குறித்து இத்துணை நம்பிக்கை கொண்ட நூலை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். நீபர் சொன்ன பாவம் போரின் காரணத்தை விளக்கும் கருத்து மட்டுமன்று. வரம்புள்ள மனிதன் தன் அறிவும் ஆற்றலும் வரம்பற்றவை என்று எண்ணிக்கொள்ளும் அகந்தையே அதன் மையம். தவறே நேராது என்று பல தலைமுறைகளுக்கு உறுதி கூறும் ஏற்பாட்டை அவ்வகந்தையின் தெளிந்த உருவமாகவே நாம் காண்கிறோம்.

நடந்தவற்றைப் பார்ப்போம். 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து புறப்பட்டுவிட்டன என்று சோவியத் எச்சரிக்கை நிலையம் அறிவித்தது. மேகங்களின்மேல் பட்ட சூரிய ஒளியைத் துணைக்கோள் தவறாக உணர்ந்திருந்தது. பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி, உண்மையான தாக்குதல் ஐந்து ஏவுகணைகளோடு தொடங்காது என்று எண்ணி, அது பொய்யான எச்சரிக்கை என்று மேலிடத்திற்கு அறிவித்தார். ஏற்பாடு ஒழுங்காகச் செயல்பட்டதற்கு இதைச் சான்றாகக் கொள்ள இயலாது. கருவி சொன்னதை ஒருவர் நம்ப மறுத்ததே உலகைக் காத்தது. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மைனாட் தளத்தில் அணுகுண்டு பொருத்திய ஆறு ஏவுகணைகள் தவறுதலாக ஒரு விமானத்தில் ஏற்றப்பட்டு வேறு மாநிலத்திற்குச் சென்றன. ஏறத்தாழ 36 மணி நேரம் அதை எவரும் அறியவில்லை. இது நம் நாட்டிற்கும் தொலைவான செய்தியன்று. 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஸ்காட் சேகன் 1993இல் எழுதிய நூலும், 1995இல் அவரும் வால்ட்ஸும் சேர்ந்து வெளியிட்ட விவாத நூலும் இவ்வகை விபத்துகளின் இயல்பை விளக்குகின்றன. அவ்விவாதத்தில் பாவத்தை மெய்யாகவே கணக்கில் எடுப்பவர், இறையியல் பேசாத சேகனே என்பது நம் கருத்து.

குற்றமற்ற நகர மக்களைப் பிணையாக வைத்தல் தகுமோ என்னும் வினாவைப் பால் ராம்சே முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளமையால் இங்கு அதனுள் நாம் புகவில்லை. மரணத்தோடு உடன்படிக்கை செய்தாயிற்று, இனி வாதை நம்மைத் தீண்டாது என்று இறுமாந்த எருசலேமின் அதிபதிகளை ஏசாயா கடிந்துகொண்ட 28ஆம் அதிகாரத்தை மாணவர்கள் இவ்விடத்தில் படித்துப் பார்க்கலாம்.

நீபரும் தம் கருத்தை இறுதிவரை செலுத்தினாரல்லர். ஹிரோஷிமா, நாகசாகி மீது முன்னறிவிப்பின்றிக் குண்டு வீசியது ஒழுக்க அடிப்படையில் நியாயப்படுத்த இயலாதது என்ற 1946ஆம் ஆண்டு அமெரிக்கத் திருச்சபைக் குழுவின் அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். நான்கே ஆண்டுகளில், எதிரி முதலில் பயன்படுத்தினால் கட்டுப்பாட்டோடு பதிலடி கொடுக்கலாம் என்ற மற்றொரு குழுவின் அறிக்கையிலும் கையொப்பமிட்டார். இரண்டாவதற்கு இணங்க மறுத்தோர் ராபர்ட் கேல்ஹூன், ஜார்ஜியா ஹார்க்னஸ் ஆகிய இருவரே. அழிக்கும் வேளையில் கட்டுப்பாடு காப்போம் என்ற நம்பிக்கை நீபருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய மனிதக் கோட்பாட்டிலிருந்து வந்திருக்க முடியாது.

வால்ட்ஸுக்கு மறுமொழி கூற அறிக்கைகள் மட்டும் போதா. 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம், இவ்வாயுதங்களைச் செய்வதும் நிறுத்திவைப்பதும்கூட மனிதகுலத்திற்கு எதிரான குற்றம் என்று அறிவித்தது. அதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். எனினும் குண்டு செய்யும் அறிவு மனிதனிடமிருந்து மறையப்போவதில்லை என்னும் வால்ட்ஸின் வாதத்திற்கு அதில் விடை இல்லை. 1987இல் ரீகனும் கோர்பச்சேவும் செய்த ஒப்பந்தத்தில் ஒரு விடையின் தொடக்கம் இருந்தது. அதன்படி 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பவேண்டியதில்லை. ஒரு நாட்டின் ஆய்வாளர் மறுநாட்டின் ஆலைவாசலில் நின்று சோதிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. மனிதன் பொய்யுரைப்பான் என்பதை ஏற்று, அந்த ஏற்பின்மேலேயே ஆயுதக் குறைப்பைக் கட்டிய ஏற்பாடு அது. அவ்வொப்பந்தம் 2019 ஆகஸ்டில் முடிவுற்றது. நம் திருச்சபைக் கூட்டம் எதிலும் அதைக் குறித்து ஒரு சொல்லேனும் பேசப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.