தெரிந்தெடுப்பதும் ஒரு தொழில்

இலங்கையிலிருந்து கோயம்புத்தூருக்கு, றேஸ் கார் கட்டும் ஒரு பட்டறையைப் பார்க்கப் போயிருந்தேன். அன்பாக வரவேற்றார்கள், கேட்டதையெல்லாம் காட்டினார்கள். புறப்படும் நேரத்தில் அங்கிருந்த மூத்தவர் ஒருவர் சொன்னார்: “உங்க ஊர்ல எல்லாம் ஜப்பான்காரன் கழட்டிப் போட்டதை மாட்டி ஓட்டறதுதானே சார்? நீங்களா எதுவும் செய்யறதில்லையே?” கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. டிரைவ் ஷாஃப்டையும் பிரேக்கையும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வீட்டில் கட்டும் காரில் ஓட்டுகிறவனின் உயிர் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது.

கோவைக்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். 1980களின் இறுதியில் கோவையின் பந்தய ஓட்டுநர் கரிவர்தன், மாருதி 800இன் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். நடுத்தர வசதியுள்ள பிள்ளைகளும் ஒற்றை இருக்கைக் காரில் ஏற முடிந்தது அதனால்தான். நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் தொடங்கி 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கரிவர்தன் 1995இல் வான்விபத்தொன்றில் இறந்தார். செட்டிபாளையத்து ஓடுதளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கள் பக்கத்துக்கும் வயது குறைவில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே, 1934இல், நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் கார் மலையேற்றப் போட்டி நடந்தது. இலங்கை ஓட்டுநர்கள் சென்னைக்கு அருகே சோழவரம் ஓடுதளத்துக்குப் போய் ஓட்டிய காலமும் உண்டு. கார் கட்டும் ஆசை எங்களுக்கு நேற்று வந்ததல்ல.

இனி ஷாஃப்டுக்கு வருவோம். முன்சில்லு இழுக்கும் காரின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் தூக்கிப் பின்னால் வைத்தால், சில்லுகளுக்கு இடையிலான அகலம் மாறிவிடும். பழைய ஷாஃப்டின் நீளம் பொருந்தாது. கோவையில் இதற்கு விடை சுலபம். இ.என். 24 உருக்குத் தண்டை வாங்கி, லேத்தில் கடைந்து, ஸ்பிளைன் வெட்டி, வெப்பப் பதனம் செய்து கொண்டுவந்துவிடுகிறார்கள். எல்லா வேலைக்கும் அந்த நகரத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மற்றதை முடிவு செய்துகொண்டு அதற்குப் பிறகு ஷாஃப்டை யோசிக்கும் பழக்கத்தையும் அந்த வசதியே கொண்டுவருகிறது என்று எனக்குப் பட்டது.

எங்களுக்கு யோசனை முதலில் வந்தாக வேண்டும். நிசான் மார்ச் கே 11இன் எஞ்சினை வைத்துக் கட்டுகிறோம் என்றால், கையில் கிடைக்கிற ஷாஃப்டின் நீளத்தை அளந்த பிறகுதான் பின் சஸ்பென்ஷனின் அகலத்தைக் கீறுவோம். ஷாஃப்டை வெட்டி ஒட்டுகிற வேலை எங்களிடம் கிடையாது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் தொழிற்சாலை கொடுத்த பதனம் போய்விடும். முதல் கடும் புறப்பாட்டிலேயே அந்த இடம் முறுகி ஒடியக்கூடும். ஆகவே முழு ஷாஃப்டைத்தான் தேடுவோம்.

தேடும் இடம், பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கே ஒரு நல்ல கராச்காரர் ஷாஃப்ட் எடுப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் ரப்பர் பூட்டை விரித்து வெடிப்புத் தேடுவார். பூட்டைத் தள்ளிவிட்டு உள்ளிருக்கும் கிறீஸை விரலில் எடுத்து வெயிலில் பிடிப்பார். மினுக்கம் தெரிந்தால் உள்ளே உருக்கு தேய்ந்துகொண்டிருக்கிறது, அதைத் திரும்பவும் பார்க்க மாட்டார். பந்துகள் ஓடும் தடத்தில் நகத்தை ஓட்டுவார். நகம் தட்டுப்பட்டால் குழி விழுந்திருக்கிறது. பிறகு தண்டை ஒரு கையிலும் வெளிமூட்டை மறுகையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகி, ஆட்டம் எவ்வளவு என்று உணர்வார். ஓட்டோ கியர் ஷாஃப்டா மனுவல் ஷாஃப்டா, ஏ.பி.எஸ். பல்வளையம் உண்டா இல்லையா என்று பார்ப்பார். இடப்பக்கத்தில் ஓடியதை இடப்பக்கத்துக்கே வைப்பார், ஏனென்றால் ஒரு திசையில் முறுக்குப் பட்டுப் பழகிய தண்டு எதிர்த்திசையில் சீக்கிரம் களைக்கும். இதையெல்லாம் செய்கிற மனிதரைப் பார்த்து ‘எதுவும் செய்யவில்லை’ என்று எப்படிச் சொல்வது?

பிரேக் விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் தேவையே வேறு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் 3.7 கிலோமீட்டர். அந்த வெயிலில் சுற்றுக்கு மேல் சுற்றாக ஓடும்போது டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடையாது. அங்கே சூடு தாங்கும் பாட் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். பிரேக் பாகங்கள் அவர்கள் வீட்டுச் சரக்கு: 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானே, சுந்தரம் என்று தமிழ்நாட்டிலேயே பெயர் பெற்ற உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். புதுப் பாட் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது.

மகாகஸ்தோட்டையோ வேறு உலகம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். காலைக் குளிரில் கார் கோட்டில் நிற்கிறது, ஓட்டம் குறுகியது, பிரேக் சூடேறும்போது மேட்டின் உச்சி வந்துவிடும். அங்கே சூடானால்தான் பிடிக்கும் றேஸ் பாட்டைப் போட்டவன் முதல் வளைவிலேயே நேராகத் தேயிலைக்குள் போவான். ஆறிய நிலையில் கடிக்கிற பாட்தான் எங்களுக்கு வேண்டும், அது பெரும்பாலும் நல்ல றோட்டுக்காரின் பாட். விலை உயர்ந்ததை வாங்க முடியாததால் அதைப் போடுகிறோம் என்று நினைப்பவர்கள் அந்த மலையில் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் மண் ஓடுதளத்தில் மறுபடியும் கணக்கு மாறும். மண்ணில் சுழன்ற சில்லு திடீரெனப் பிடி கிடைத்து நிற்கும்போது, அந்த அடி முழுவதும் ஷாஃப்டின் மூட்டில் இறங்குகிறது. ஒரே நாட்டுக்குள் இப்படி ஒவ்வொரு தரைக்கும் வேறு கணக்கு போட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

டிஸ்க்கைப் பழையதாக வாங்குவோம், பாட்டை ஒருநாளும் பழையதாக வாங்க மாட்டோம். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை வாசித்து மைக்ரோமீட்டரால் அளப்போம். நீலம் பாரித்த திட்டு இருந்தால் வேண்டாம். மார்ச்சுக்குப் பின்னால் டிரம்தான். அதனால் இரண்டாவது மார்ச்சின் முன் நக்கிளையே (சில்லைத் தாங்கும் பாகத்தையே) பின்னுக்கும் கொண்டுவந்து நான்கு சில்லுக்கும் டிஸ்க் ஆக்குவோம். எஞ்சின் பாரம் பின்னால் இருக்கிறது, ஆனாலும் முன்சில்லுதான் முதலில் பூட்ட வேண்டும். அதற்கு இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் நடுவே சமன் தண்டும் வைப்போம். பிரேக் ஒயில் — கோவையில் பிரேக் ஆயில் — டொட் 4 ஆக இருக்கட்டும். புதிதாக இருக்கும்போது அது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிவிட்டால் 155இலேயே கொதித்துவிடும். நுவரெலியாவின் ஈரக்காற்றில் திறந்து வைத்த டின் அடுத்த போட்டிக்கு உதவாது.

இந்தக் கை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல் சொட்டு விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் ஓட்டினார்கள். புதுச் சாமான் கிடையாது. எந்தக் காரின் எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்று மனதில் வைத்திருந்த கராச்காரர்கள் ஒரு சமூகத்தையே நடமாட வைத்தார்கள். இன்று றேஸ் காருக்குப் பாகம் தெரிவு செய்கிற எங்கள் கண், அவர்களிடமிருந்து வந்தது. அதைப் பழைய இரும்பு என்று யாரும் சுருக்கிவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

இங்கே கார் கட்ட ஆசைப்படும் பெடியன்களுக்கு ஒன்று சொல்லுவேன். கோவையில் வெட்டிய ஷாஃப்ட் உங்கள் காருக்குத் தேவைப்பட்டால் தயங்காமல் வரவழையுங்கள். அவர்கள் வேலை சுத்தமானது. ஆனால் ஓடர் கொடுப்பதற்கு முன்பு பஞ்சிகாவத்தைக்கு ஒரு பெரியவரோடு போய், அவர் எதை ஒதுக்குகிறார், ஏன் ஒதுக்குகிறார் என்று படியுங்கள். அதைப் படித்தவனுக்குத்தான் கோவைக்கு என்ன அளவு எழுதி அனுப்ப வேண்டும் என்பது தெரியும்.