வெள்ளைச் சுங்கான்

அழகாக இருக்கவேண்டும் என்று யாரும் நினைக்காமலே அழகாக அமைந்துவிட்ட பொருள்கள் சில உண்டு. நம் வீட்டுக் குத்துவிளக்கை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அதை வார்க்கிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது நன்றாகத் தெரியும். நான் சொல்கிற ரகம் வேறு. சுமார் மூன்று நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் சல்லிக் காசுக்கு விற்பனையாகி, மதுக்கடைகளில் இனாமாகவே கொடுக்கப்பட்டு, உடைந்த மாத்திரத்தில் தெருவிலும் ஆற்றிலும் எறியப்பட்ட வெள்ளைக் களிமண் சுங்கான் அந்த ரகத்தைச் சேர்ந்தது. லண்டனில் தேம்ஸ் நதி வற்றம் காணும் வேளையில், கரைச் சேற்றில் அதன் துண்டுகள் இன்றும் கிடக்கின்றன. நம் தெருவில் பீடித் துண்டு கிடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பீடித் துண்டை யாரும் குனிந்து எடுத்துப் பார்ப்பதில்லை. சுங்கான் துண்டை எடுக்கிறார்கள், கழுவிப் பார்க்கிறார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி அதில் என்ன இருக்கிறது?

புகையிலைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது ஆளைக் கொல்லும் என்பது இன்று பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். என் பேச்சு சுங்கானின் உருவத்தைப் பற்றியது. உருவத்தை மட்டும் தனியே பிரித்துப் பேசிவிட முடியுமா என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கும் வருகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் இதைச் செய்யத் தொடங்கினார்கள். கடல் தாண்டி வந்த புகையிலை அப்போது மகா கிராக்கி. ஆகவே முதல் சுங்கான்களின் கிண்ணம் மிகச் சிறியது. ஒரு சுண்டுவிரல் நுனி உள்ளே நுழையுமா என்று சந்தேகிக்கவேண்டிய அளவு. நூறு இருநூறு வருஷங்களுக்குப் பிறகு வயலை உழுகிறபோது இவற்றைக் கண்டெடுத்த கிராமத்து ஜனங்கள், இவ்வளவு சிறியதை மனிதன் எப்படிப் பிடித்திருக்க முடியும் என்று யோசித்து, இது குட்டித் தேவதைகளின் சுங்கான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊராக இருந்தால் குறளியின் சுங்கான் என்றிருப்பார்கள். பிறகு புகையிலை மலிய மலியக் கிண்ணத்தின் வயிறும் பெருத்துக்கொண்டு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அது நடு பருத்து வாய் குறுகிய சிறு பீப்பாய். தண்டிலிருந்து முன்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் நிமிர்ந்துகொண்டது, சுவர் மெலிந்தது, விளிம்பு தண்டுக்கு இணையாக வந்தது. இவற்றில் எந்த மாறுதலையும் ஒரு கலைஞன் உட்கார்ந்து தீர்மானித்ததாகத் தெரியவில்லை. சந்தை விலை ஒரு வளைவை வரைந்தது. அச்சு வெட்டுகிறவன் அதைப் பின்பற்றினான்.

கிண்ணத்தின் அடியில் சின்னதாக ஒரு குதிகால் உண்டு. மேஜைமேல் வைத்தால் சாயாமல் நிற்பதற்காக ஏற்பட்டது அது. தட்டையான இடம் ஒன்று கிடைத்ததும் செய்தவன் அதில் தன் முத்திரையைக் குத்திவிட்டான். ஹாலந்தில் கௌடா என்ற ஊரில் இந்த முத்திரைகளுக்குச் சொத்துக்குரிய மதிப்பு இருந்தது, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், விலைக்கும் போகும். அங்கே 1660-ல் சுங்கான் செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே ஏற்படுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய உயர்ந்த சரக்கை, சூளைக்குப் போகும்முன் அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். எனக்குக் கௌடா சுங்கான்தான் பிடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செய்கிற விதமும் சுவையானதுதான். இரும்பு குறைந்த, சுட்டால் வெளுக்கும் களிமண்ணைப் பிசைந்து, ஒரு முனையில் குண்டாகவும் மறுமுனையில் வால்போலவும் உருட்டுகிறார்கள். எண்ணெய் தடவிய கம்பி ஒன்றை வாலின் நடுவே செலுத்தவேண்டும். இதுதான் கஷ்டமான காரியம். கம்பி எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மண்ணுக்குள் நகரும் அதன் நுனியை வெளியே இருக்கும் விரல்கள்தான் உணரவேண்டும். ஓர் இழை விலகினால் பக்கவாட்டில் குத்திக்கொண்டு வந்துவிடும். பிறகு இரண்டு பாதியாக உள்ள உலோக அச்சில் அதைக் கம்பியோடு வைத்து மூடி, மேலேயிருந்து ஒரு குமிழை அழுத்தினால் கிண்ணம் குழிகிறது. பிதுங்கிய ஓரத்தைச் சீவி, காயவைத்து, சூளையில் சுட்டால் முடிந்தது. ஓர் ஆள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் செய்துவிடுவான்.

இதில் கலைஞன் எங்கே இருக்கிறான் என்று என் விமர்சக நண்பர்கள் கேட்பார்கள். ஆசிரியன் இல்லாமல் சிருஷ்டி இல்லை என்பது அவர்களுடைய வேதம். சுங்கான் முன்னால் அந்த வேதம் எடுபடவில்லை. பீட்டர் கிளாஸ் என்ற டச்சு ஓவியர் பதினேழாம் நூற்றாண்டில் மேஜைமேல் வைத்த சாமான்களை வரைந்து பேர் பெற்றவர். அவருடைய படங்கள் சிலவற்றில் கண்ணாடிக் கோப்பை, ஈயத் தட்டு இவற்றின் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுங்கான் கிடக்கும். வாழ்க்கை புகைபோல் கலைந்துபோகும் என்பதைச் சொல்ல அதை வைத்தார் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். இருக்கட்டும். என் கண்ணுக்குத் தெரிவது வேறு. கோப்பை ஒளியைக் காட்டிப் பெருமையடிக்கிறது. தட்டு தன் கனத்தைச் சொல்கிறது. சுங்கான் ஒரே ஒரு கோடாகப் படுத்திருக்கிறது. படம் முழுவதையும் அந்தக் கோடுதான் பிடித்து நிறுத்துகிறது. அதே ஹாலந்தில் அதே காலத்தில் ஏட்ரியன் பிரௌவர், கள்ளுக்கடைக் கூட்டத்தை வரைந்தார். அங்கே சுங்கான் அழகுக்காக இல்லை. கன்னம் உப்ப, கண் சொருக இழுக்கிறார்கள். இரண்டு ஓவியர்களுக்கும் ஒரே உருவம் உதவியிருக்கிறது. இதைவிட ஒரு உருவத்துக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

தண்டின் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட சுங்கானுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘சர்ச் வார்டன்’. மாதா கோயில் தர்மகர்த்தா என்று சொல்லலாம். சில இரண்டடியைத் தாண்டும். புகை அவ்வளவு தூரம் வருவதற்குள் ஆறிவிடும். சூடு முகத்துக்கு எட்டாது. ஆனால் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. ஒரு கை எப்போதும் அதற்கென்றே ஒழிந்திருக்க வேண்டும். ஆகவே அது ஓய்வு உள்ளவனின் சுங்கான். மூட்டை தூக்குகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் பிடித்தது குட்டைச் சுங்கான். ‘கட்டி’ என்பார்கள் (நம் கட்டி அல்ல, ஸ்காட்லாந்துக்காரர் பேச்சில் குட்டை என்று பொருள்). பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் பச்சையாக, ‘வாய்சுடி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். ஒருவனுக்கு எவ்வளவு ஓய்வு இருந்தது என்பதை அங்குலக் கணக்கில் அளந்து சொல்லக்கூடிய வேறு சாமான் எனக்குத் தெரிந்து இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலங்காரம் வந்து சேர்ந்தது. பிரான்ஸில் கிவே என்ற ஊரில் இருந்த காம்பியே கம்பெனி அதில் பிரசித்தம். ராஜாக்களின் தலை, அரசியல்வாதிகளின் தலை, தாடி வைத்துத் தலைப்பாகை கட்டிய ‘ழாகோப்’ தலை, இப்படி நூற்றுக்கணக்கான மாதிரிகள். வேலைத்திறன் அபாரம் என்பதை மறுக்கவில்லை. சேகரிக்கிறவர்கள் இவற்றுக்குத்தான் உயிரை விடுகிறார்கள். எனக்கு ரஸிக்கவில்லை. ஒரு தலைவரின் மண்டைக்குள் நெருப்பு வைத்துப் புகைவிடுவது முதல் தரம் வேடிக்கையாக இருக்கும், பத்தாம் தரம்? அதுவரை கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் இருந்தது. இந்த மூக்குக்கும் தாடிக்கும் பார்க்கிறவனைக் கவர்வதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கதை எழுதுகிறவர்களிடமும் இந்த வியாதி உண்டு. சொல்ல வந்தது தீர்ந்துபோன இடத்தில்தான் வர்ணனை தாடி வளர்க்கிறது.

களிமண் சுங்கானை நன்றாகப் புரிந்துகொண்ட கதாசிரியர் கானன் டாயில். ஷெர்லக் ஹோம்ஸ் என்றதும் வளைந்த பெரிய சுங்கான் நினைவுக்கு வருவது மேடையும் சினிமாவும் செய்த காரியம். கதைகளைப் புரட்டிப் பாருங்கள்: ஹோம்ஸ் தீவிரமாக யோசிக்க உட்காரும் கட்டங்களில் அடிக்கடி வருவது, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த பழைய களிமண் சுங்கான்தான். 1891-ல் வந்த ‘செந்தலையர் சங்க’க் கதையில் அது ஒரு விநோதப் பறவையின் அலகுபோல் நீட்டிக்கொண்டிருப்பதாக வாட்ஸன் எழுதுகிறார். அடுத்த வருஷம் வந்த இன்னொரு கதையில், தியானம் போய் வாதம் செய்யும் மனநிலை வந்தால் களிமண்ணை வைத்துவிட்டுச் செர்ரி மரச் சுங்கானை எடுப்பது ஹோம்ஸின் வழக்கம் என்கிறார். வாதத்துக்கு மரம், யோசனைக்கு மண்! ஹோம்ஸின் மனத்தை விவரிக்க ஒரு பக்கம் செலவழித்திருக்க வேண்டிய இடத்தில் டாயில் சுங்கானை மாற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

1893-ல் வெளிவந்த ‘மஞ்சள் முகம்’ கதையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு மரச் சுங்கானைப் பார்த்து அதன் சொந்தக்காரனை ஹோம்ஸ் வர்ணிக்கும் இடம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு தரம் வெள்ளிப் பூண் போட்டுப் பழுது பார்த்த சுங்கான் அது. புதிதாக வாங்கும் விலையைவிடப் பழுதுக்கு அதிகம் செலவழித்திருக்கிறான் என்பதிலிருந்து அந்த மனிதனின் பற்று வெளிப்படுகிறது. களிமண்ணில் இந்த வித்தை நடக்காது. அதை யாரும் பழுது பார்ப்பதில்லை; உடைந்தால் அடுத்தது. தன் யோசனைக்கு, பற்று வைக்க இடமில்லாத ஒரு பொருளை ஹோம்ஸ் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

இனி அந்தக் கேள்வி. பழைய இடுகாடுகளைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள், பல மண்டையோடுகளில் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் சேரும் இடத்தில் வட்டமாக ஒரு துளை தேய்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். களிமண் தண்டைக் கடித்துக் கடித்து ஏற்பட்டது அது. சுட்ட மண், பல்லை அரம்போல் அறுத்துவிடும். 1795-லேயே ஸோமரிங் என்ற ஜெர்மன் வைத்திய நிபுணர், சுங்கான் பிடிக்கிறவர்களின் உதட்டில் புற்று வருவதை எழுதிவைத்தார். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கும் புகை ஆகாது. 1604-ல் அதைத் திட்டி ஒரு புத்தகமே எழுதி, வரியையும் ஏற்றினார். அதே மன்னர் 1619-ல் சுங்கான் செய்கிறவர்களின் சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தார்! வெறுப்பு வேறு, வருமானம் வேறு போலிருக்கிறது. செய்கிறவர்களுக்கோ பெரும்பாலும் ஏழைக் குடித்தனம். மனைவி சீவுவாள், குழந்தைகள் மண் பிசையும். நான் வியக்கும் அந்த ஒற்றைக் கோடு இத்தனை பேருடைய கூலியையும் பல்லையும் தின்று வந்தது. தெரிந்த பிறகும் அது அழகாகத்தான் இருக்கிறது. அதை அழகில்லை என்று சொன்னால் பொய். தண்டின் நுனியில் ஒரு வாய் இருந்தது என்பதை மறந்து பேசினால் அதுவும் பொய்தான்.

கடைசியாக ஒரு வேடிக்கை. கிண்ணத்தைப் பார்த்துக் காலம் சொல்வது சுலபம். ஆனால் மண்ணில் கிடைப்பதில் பெரும்பகுதி வெறும் தண்டுத் துண்டு. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்பொருள் அறிஞர், துளையிடும் ஊசிகளைத் தண்டின் துளைக்குள் விட்டு அளந்து பார்த்தார். தண்டு நீள நீளத் துளை சிறுத்துக்கொண்டே வந்திருப்பதைக் கண்டு 1954-ல் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குலத்தில் 64-ல் 9 பங்கு; பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் 4 பங்கு. சூளைக்காரன் கனவிலும் நினைக்காத ஒரு கடிகாரம்! 1962-ல் லூயிஸ் பின்ஃபோர்டு என்பவர் இதை ஒரு சமன்பாடாகவே ஆக்கிவிட்டார். சுமார் 1780 வரையுள்ள சுங்கான்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. அதற்குமேல் நீட்டிக்கொண்டு போனால், 1931-ம் வருஷக் கடைசியில் துளையின் அளவு பூஜ்யம் என்று கணக்கு வருகிறது. கணக்கு என்ன சொன்னால் என்ன, ஷ்ராப்ஷயரில் உள்ள ப்ரோஸ்லி என்ற ஊரில், 1950-களில் கதவடைத்து 1996-ல் காட்சிசாலையாகத் திறக்கப்பட்ட ஒரு தொழிற்சாலையில், அந்தப் பூஜ்ய வருஷத்துக்குப் பிறகும் களிமண்ணை உருட்டிக் கம்பியை நுழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.