நைல்ஸ் போதகரின் ஞானப்பாடல்கள்: மெட்டு யாருடையது? மொழி யாருடையது?

சமயப் பாடலை இலக்கிய விமர்சனத்துக்கு உட்படுத்தலாமா என்று ஐயுறுவோர் நம்மிடையே இன்னும் உளர். தேவார திருவாசகங்களைப் பாடமாகக் கற்பிக்கும்போது, அவை தோன்றிய சமுதாயச் சூழலையும் மாணவருக்கு விளக்குகின்றோம். கிறித்தவ ஞானப்பாடலை மட்டும் கோயிற் சுவருக்குள் விட்டுவிடுவது நியாயமன்று. மக்கள் ஒன்றுகூடிப் பாடும் பாடல் எதுவாயினும், அது யாருடைய மொழியில், யாருடைய மெட்டில், யாருடைய வாழ்வைப் பாடுகின்றது என்ற கேள்விக்கு விடை கூறியே ஆகவேண்டும். இக்கேள்வியோடு, யாழ்ப்பாண மண்ணிலிருந்து எழுந்து ஆசியத் திருச்சபைகளின் பாடலாசிரியராக விளங்கிய வண. டி. ரி. நைல்ஸ் அவர்களை அணுகுவோம்.

டானியல் தம்பிராஜா நைல்ஸ் 1908இல் பிறந்தார். பெங்களூரில் இறையியல் பயின்று மெதடிஸ்த திருச்சபையின் போதகரானார். 1948இல் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் நிறுவப்பட்டபோது, நாற்பதே வயதில் அதன் தொடக்க ஆராதனையிற் பிரசங்கித்தார். 1957இல் உருவான கிழக்காசியக் கிறித்தவ மாநாட்டின் பொதுச் செயலாளராகப் பணிபுரிந்தார். 1968இல் உப்சாலாப் பேரவையின் தொடக்கப் பிரசங்கத்தை நிகழ்த்த அழைக்கப்பட்டிருந்த மாட்டின் லூதர் கிங் அவ்வாண்டு ஏப்ரிலிற் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவரிடத்தில் நின்று பேசியவரும் நைல்ஸே. 1970இல் வேலூரிற் காலமானார்.

நைல்ஸின் இலக்கியப் பணியின் சிகரம், அவர் பதிப்பாசிரியராக நின்று 1963இல் வெளியிட்ட கிழக்காசியக் கிறித்தவ மாநாட்டுப் பாடற்புத்தகம். இதன் பெறுமதியை உணர, அதற்கு முந்திய நிலையை நோக்கவேண்டும். மிஷனரிமார் காலத்தில் ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை வெட்டிப் பொருத்தியே ஞானப்பாட்டுக்கள் பல ஆக்கப்பட்டன. குறிலும் நெடிலும் மெட்டுக்கு அடிமையாயின. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியையும் கீர்த்தனையையும் கையாண்டு வேறு வழி காட்டினார். எனினும் ஆசியா முழுவதற்கும் பொதுவாய், ஆசிய மெட்டுக்களை முன்வைத்த தொகுப்பொன்று இருக்கவில்லை. அக்குறையை நைல்ஸ் நீக்கினார். பிலிப்பைன்ஸில் எலேனா மகிசோ அமைத்த மெட்டுக்கு அவர் 1961இல் எழுதிய பாடல் இன்றும் பல நாடுகளிற் பாடப்படுகின்றது. பிறமொழி ஞானப்பாடல்கள் பலவற்றையும் அவர் ஆங்கிலச் செய்யுளாக்கினார். காலனித்துவத் தளை அறுந்துகொண்டிருந்த காலத்தில், ஆசியக் குரலுக்கும் வழிபாட்டில் இடமுண்டு என நிலைநாட்டிய இம்முயற்சி முற்போக்கானதே. இதனை மறுப்பது நன்றியின்மையாகும்.

ஆயினும் இங்கேதான் முரண்பாடும் தோன்றுகின்றது. மிஷனரிமார் பாட்டில் சொல் தமிழ், மெட்டு ஐரோப்பியம். நைல்ஸின் பாட்டிலோ மெட்டு ஆசியம், சொல் ஆங்கிலம்! ஜப்பானியரும் இந்தோனேசியரும் பர்மியரும் தமிழரும் ஒருங்கே பாட ஆங்கிலமன்றி வேறு பாலம் ஏது எனச் சிலர் வினவுவர். மாநாட்டு மண்டபத்துக்கு அந்த விடை போதும். ஆனால் அம்மண்டபத்திற் கூடியோர் யார்? ஆங்கிலங் கற்றோர். மெட்டைப் பேணி வளர்த்த குடியானவனும் மீனவனும் அம்மெட்டு ஆங்கில உடையணிந்து திரும்பி வருகையில் அதனை அடையாளங் காணமாட்டார்கள். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் தமிழ்மொழியின் நிலையை வாழ்வுப் பிரச்சினையாக்கிய காலத்தில், இத்தூரம் இன்னும் பெரிதாகத் தெரிகின்றது.

மெட்டுங்கூட முழுதும் தப்பவில்லை. ஜப்பானிற் பணியாற்றிய அமெரிக்க மிஷனரியான ஜோன் கெலி, அவ்வாசிய மெட்டுக்கள் பலவற்றுக்கு மேனாட்டு முறைப்படி சுர இணைப்பு அமைத்தார். தனியிழையாக ஓடும் கீழைத்தேய இராகத்தை நான்கு குரல்களின் சட்டத்துள் நிறுத்தினால் அதன் கமகமும் நெளிவும் எவ்வாறு பிழைக்கும்? தாய்வானைச் சேர்ந்த லோ ஐ-டோ இக்குறையை எடுத்துக்காட்டினார். 1990இல் அவர் பதிப்பித்த பின்னைய ஆசியத் தொகுப்பு மெட்டுக்களை அவ்வவற்றின் இயல்பிற் பேணவும் மூலமொழிகளுக்கு இடமளிக்கவும் முயன்றது.

பொருளிலும் ஒரு குறை உண்டு. மகிசோவின் மெட்டுக்கு அமைந்த பாடல் திரியேகக் கடவுளிடம் இரக்கமும் ஆசியும் அன்பும் வேண்டும் செப்பமான பிரார்த்தனை. ஆனால் வேண்டுபவனின் வயலும் வலையும் கூலியும் அதில் இல்லை. கிங்கின் இடத்தில் நிற்கத் தகுதி பெற்றவரின் பாட்டில் இவற்றை நாம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

இவ்வளவும் கூறியபின் ஒரு சொல்லை மறக்கலாகாது. பஞ்சாபிய மெட்டொன்றுக்கு அமைந்த அவருடைய ஆங்கிலப் பாடலொன்றில் ‘சரணம்’ என்ற சொல் மொழிபெயர்க்கப்படாமலே பல்லவியாக ஒலிக்கின்றது. சைவனும் வைணவனும் சொல்லும் சொல் அது. பௌத்தன் மும்மணிகளின் முன் சொல்லும் சொல்லும் அதுவே. இந்நாட்டு மக்கள் பகைமையின்றிப் பகிர்ந்துகொள்ளும் சொற்களுள் ஒன்றை நைல்ஸ் உலகின் நாவில் வைத்தார். அவருடைய சாதனையை அச்சொல்லிற் காண்கின்றோம்; அவருடைய எல்லையையும் அதிலேயே காண்கின்றோம். ஒரு சொல் மட்டும் நம்முடையதாய் நின்றால் போதாது. பாடல் முழுவதும், அதிற் பேசப்படும் வாழ்வும் மக்களுடையதாதல் வேண்டும். நைல்ஸ் திறந்துவிட்ட வழியில் அவ்வளவு தூரம் செல்வது இன்றைய எழுத்தாளரின் கடன்.