காபி குடிக்க யாரைக் கூப்பிடுவது? டோபி ஃப்ரீட்மனின் புத்தகத்தைப் பூந்தமல்லியில் படித்தது

இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரெண்டு வருஷமாக ஒரு குறிப்பு கிடப்பில் இருந்தது. முதல் தடவை படித்தபோதே எழுதியிருந்தால் சாதாரண புத்தக அறிமுகமாகப் போயிருக்கும், பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். நடுவில் அதை எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். பயோடெக்னாலஜியில் பி.எச்டி. ஈஸ்ட்டில் புரதம் தயாரிப்பதில் ஆறு வருஷம் ஆராய்ச்சி, அப்புறம் நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். நாலு மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது, ஓரமெல்லாம் பென்சில் எழுத்தோடு. என் அபிப்பிராயம் மாறியது அந்தப் பென்சிலால்தான்.

புத்தகம்: டோபி ஃப்ரீட்மன் எழுதிய 'கரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ் இன் பயோடெக்னாலஜி அண்ட் டிரக் டெவலப்மென்ட்'. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் லேபரட்டரி பிரஸ், 2008. ஆசிரியர் பி.எச்டி முடித்துவிட்டு, பயோடெக் கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் தொழிலுக்குப் போனவர். ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே வரும் விஞ்ஞானிக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். ரெகுலேட்டரி, குவாலிட்டி, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், பிசினஸ் டெவலப்மென்ட், காப்புரிமை, விற்பனை, வென்ச்சர் கேபிடல் என்று நீளும் பட்டியல். ஒவ்வொரு வேலையிலும் இருப்பவர்களிடம் பேசி, அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும், எது பிடிக்கும், எது எரிச்சலூட்டும், யாருக்கு ஒத்துவரும், யார் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டு போகிறார்.

இதற்குப் பத்து வருஷம் முன்னால், 1998இல், சிந்தியா ராபின்ஸ்-ராத் தொகுத்த 'ஆல்டர்நேட்டிவ் கரியர்ஸ் இன் சயின்ஸ்' வந்தது. அதில் வேலை மாறியவர்களே ஆளுக்கு ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார்கள். படிக்க அது சுவாரசியம். ஆனால் ஜெயித்தவர்கள் சொல்லும் கதைக்கு ஒரு குணம் உண்டு, திரும்பிப் பார்த்தால் எல்லாமே திட்டமிட்ட மாதிரி தெரியும். ஃப்ரீட்மன் புத்தகம் கொஞ்சம் வறட்சி, ரயில்வே கால அட்டவணை மாதிரி. அதனாலேயே அதிகம் உதவுகிறது. எரிச்சலூட்டும் விஷயங்களை மறைக்காமல் சொல்லும் வேலை வழிகாட்டி தமிழில் நான் பார்த்ததில்லை.

சரி, பென்சிலுக்கு வருகிறேன்.

கம்பெனிக்காரர்களைச் சந்தித்துப் பேசச் சொல்லும் பகுதியில்தான் முதல் குறிப்பு. வேலை கேட்காதே, வேலையைப் பற்றிக் கேள். அந்தத் துறையில் இருக்கும் ஒருவரை அணுகு, இருபது நிமிஷம் கேள், ஒரு காபி சாப்பிடு, கிளம்பும்போது இன்னும் ரெண்டு பேர் பெயரை வாங்கிக்கொள். இந்த வகைப் புத்தகங்கள் எல்லாமே இந்த யோசனையில் வந்து நிற்கும். அந்தப் பக்க ஓரத்தில் அவள் எழுதியிருந்தது: "யாரை? எங்கே? வீட்ல என்ன சொல்லிட்டுப் போறது?"

மூன்றே கேள்விதான். புத்தகம் எந்த ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்க முடியாது. பாஸ்டனிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ உங்கள் ஆய்வகத்தில் உங்களுக்கு முன்னால் முடித்தவர் ரெண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் இருப்பார். கூச்சத்தை விட்டால் போதும், ஆள் கிடைப்பார். ஃப்ரீட்மன் அதைத் தனிமனிதத் துணிச்சலாகப் பார்க்கிறார். உண்மையில் அது அந்த ஊர் தரும் வசதி.

பூந்தமல்லியில் நின்று பாருங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை, தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் என்று போனால் பயோடெக்னாலஜி பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக வரும். ஆலைகளும் வரும், ஆனால் பெரும்பாலும் கார், கைப்பேசி, உதிரிபாகம். அரசு கட்டிய டைசல் பயோ பார்க் 2004லிருந்து ஊரின் இன்னொரு கோடியில், தரமணியில் இருக்கிறது. பட்டதாரிகளை உருவாக்குவது ஒரு பக்கம், அவர்களுக்கான வேலை இன்னொரு பக்கம். நடுவில் 'சீனியர்' என்று ஒருவர் இல்லை. அவளுடைய கைடுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கைடுகள்தான்.

தெரியாத ஒருவருக்கு மெயில் போட்டு இருபது நிமிஷம் கேட்டால் நம் ஊரில் அது சிபாரிசு கேட்பதாகத்தான் புரிந்துகொள்ளப்படும். அவள் பதினோரு பேருக்கு எழுதினாள். ரெண்டு பதில். ஒன்று, "ரெஸ்யூம் அனுப்புங்க." இன்னொன்று, "உங்களுக்கு ரெஃபரன்ஸ் யாரு?" வேலை கேட்கவில்லை, வேலையைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று அவள் திரும்ப விளக்கி எழுதினாள். அதற்குப் பதிலே இல்லை.

"அண்ணா, அந்தம்மா ஊர்ல காபிக்குக் கூப்பிட்டா காபின்னு அர்த்தம்"னு சொன்னாள்.

இங்கே உண்மையில் திறந்திருக்கும் கதவு புத்தகத்திலேயே இல்லை. சென்னையில் உயிரியல் படித்தவர்களை ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக உள்ளே இழுப்பது மெடிக்கல் கோடிங். அமெரிக்க நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, இன்ஷூரன்ஸ் பில்லுக்கான குறியீடு போடுவது. அவளுடைய மாணவர்களில் பாதிப்பேர் அங்கேதான் போகிறார்கள். நான் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, வீட்டுக் கடன் அடைகிறது. ஆனால் ஈஸ்ட்டில் புரதம் வளர்க்கத் தெரிந்த கைக்கு அங்கே வேலை இல்லை.

நம் பக்கத்து எழுத்து இந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறது? நிறுவனர் கதைகளால். எங்கள் கல்லூரிக் கருத்தரங்குகளில் தவறாமல் வரும் பெயர் கிருஷ்ணா எல்லா. சொந்த ஊர் திருத்தணிப் பக்கம், இங்கிருந்து திருவள்ளூர் வழியாக ரெண்டு மணி நேரத்தில் போய்விடலாம். விஸ்கான்சினில் பி.எச்டி, சார்ல்ஸ்டனில் மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி, 1996இல் திரும்பி வந்து ஹைதராபாத்தில் பாரத் பயோடெக். விவசாயி மகன் தடுப்பூசி கண்ட கதை. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதில் விட்டுப்போவது என்ன? அமெரிக்கா போவதற்கு முன்பே பேயரின் விவசாயப் பிரிவில் வேலை பார்த்தவர். அதாவது கம்பெனி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டுதான் ஆராய்ச்சிக்கே போனார். சேர்ந்து தொடங்கிய சுசித்ரா எல்லா விஞ்ஞானி அல்ல, பொருளாதாரம் படித்தவர். ஒரு விஞ்ஞானி தனியாகத் தாண்டிய கடல் இல்லை அது.

அதே கம்பெனியின் ரோட்டாவேக் தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடிப்படையான 116இ என்ற வைரஸ் வகை டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் 1980களில் கண்டுபிடிக்கப்பட்டது. தடுப்பூசி அறிமுகமானது 2015 மார்ச். மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. கண்டுபிடிப்புக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவில் சுமார் முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் வைரஸை வளர்த்தவர், ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தவர், அனுமதிக் கோப்பு தயாரித்தவர், வெளிநாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் பேசியவர், வேலூரில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கண்காணித்தவர் எத்தனை பேர்! ஃப்ரீட்மனின் அத்தியாயங்கள் எல்லாம் இவர்களைப் பற்றியவைதான். கருத்தரங்கு மேடையில் இவர்களுக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைப்பதில்லை.

அரசுத் திட்டத்திலும் அதே சாய்வு. பைராக் அமைப்பின் பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது, 18 மாதத்துக்கு. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அது யோசனை வைத்திருப்பவருக்கு, கம்பெனி தொடங்கப் போகிறவருக்கு. யோசனை இல்லை, கைத்திறன் இருக்கிறது, இன்னொருவர் கம்பெனியில் உருப்படியான வேலை வேண்டும் என்கிற பி.எச்டிக்காரரிடம் பேச யாருக்கும் நேரமில்லை. முனைவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தானே?

அவளும் அந்த ரகம்தான். நேர்காணல் என்று ஒன்று கடைசியில் வந்தது, குவாலிட்டி பிரிவில். போன இடத்தில் ஹெச்.ஆர். சொன்னாராம்: "மேடம், நீங்க பி.எச்டி. இந்த வேலைல ரெண்டு மாசம்கூட இருக்க மாட்டீங்க." சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். பட்டம் அதிகமாகிப் போவது பற்றியும் இந்தப் புத்தகங்களில் யோசனை இருக்கும், உன் ஆர்வத்தை விளக்கிச் சொல் என்று. அவள் விளக்கினாள். வேலை நடக்கவில்லை.

ஆனால் அங்கே ஒரு விஷயம் நடந்தது. ஒரு பேட்ச் ரெக்கார்டைக் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கணக்கைச் சரிபார்த்தாள், அளவைச் சரிபார்த்தாள். தப்பு வேறு இடத்தில். ஒரு எண்ணை வைட்னர் போட்டு அழித்து மேலே எழுதியிருந்தார்கள். மருந்து ஆலையில் அது பெரிய குற்றம். தப்பான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், பழைய எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியான எண், காரணம், கையெழுத்து, தேதி. எழுதாதது நடக்காததாகவே கொள்ளப்படும். அவளுக்கு இது கண்ணில் படவே இல்லை. ஏன் என்றால், "எங்க லேப்ல ஆளுக்கொரு வைட்னர் இருந்துச்சு அண்ணா."

நான் ஃப்ரீட்மனை மறுபடி புரட்டியது இதற்குப் பிறகுதான். குவாலிட்டிக்கு நுணுக்கம் பார்ப்பவர்கள் தேவை என்கிறார். சரிதான். ஆனால் ஆய்வகத்து நுணுக்கமும் ஆலையின் நுணுக்கமும் ஒன்றல்ல. ஆய்வகத்தில் கேள்வி, முடிவு உண்மையா என்பது. ஆலையில் கேள்வி, அது உண்மை என்று ஐந்து வருஷம் கழித்து வரும் ஒரு அந்நியருக்குக் காட்ட முடியுமா என்பது. விஞ்ஞானி வணிக உலகுக்குள் போகும்போது தாண்ட வேண்டிய கோடு, என் பார்வையில், இதுதான். குணநலப் பட்டியலாக எழுதப்பட்ட புத்தகம் இதைத் தொட்டும் தொடாமலும் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்ட யாருடைய காபியும் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள், ஒத்த உயிரிமருந்துகளுக்கான 2016 வழிகாட்டி, 2023 இறுதியில் திருத்தி அறிவித்த அட்டவணை எம், எல்லாம் இணையத்தில் இலவசம். தூக்கம் வரும், ஒத்துக்கொள்கிறேன். அவள் தன் ஆராய்ச்சிப் புரதத்தையே ஒரு மருந்து என்று கற்பனை பண்ணிக்கொண்டு, அந்த 2016 வழிகாட்டியின்படி அதற்கு ஒரு கோப்பு எழுதினாள். மூன்று மாதம், ராத்திரி, பையன் தூங்கினதுக்கப்புறம். எழுதும்போதுதான் தன் ஆய்வேட்டில் எந்தெந்த முடிவுக்கு மூலப் பதிவே இல்லை என்று தெரிந்ததாம். அடுத்த நேர்காணலுக்கு அந்தக் கோப்பையே எடுத்துக்கொண்டு போனாள்.

எடுத்துக்கொண்டார்கள், ஊசி மருந்து ஆலை ஒன்றின் ஆவணப் பிரிவில். பயோடெக் என்று சொல்ல முடியாது. கல்லூரியில் வாங்கியதைவிட முதல் வருஷம் நாலாயிரம் குறைவு. வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

புத்தகத்தை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். போன ஞாயிறு அவர்கள் வீட்டில் புரட்டிப் பார்த்தேன். காபி பக்கத்து ஓரக் குறிப்பை அடித்திருந்தாள். ஒற்றைக் கோடு, கீழே எழுத்து தெரிகிற மாதிரி. பக்கத்தில் தேதியும் சின்னக் கையெழுத்தும் இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: "பஸ் கரையான்சாவடி 5.40."