காலி வகுப்பறையைப் பார்த்து வருதல்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலிருந்து கலந்தாய்வின் சாய்ஸ் ஃபில்லிங் முடியும்வரை, தமிழ்நாட்டின் நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரிகளின் வாசலில் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் அப்பா, அம்மா, பிள்ளை, கூடவே பி.இ. முடித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தை மகனோ, பேச்சில் கெட்டிக்காரரான சித்தப்பாவோ இருப்பார். "நேரில் ஒரு தடவை பார்த்துட்டா மனசுக்குத் திருப்தி" என்பதுதான் எல்லாக் காரிலும் சொல்லப்படும் காரணம். திருப்தி கிடைக்கிறது, சந்தேகமில்லை. எதைப் பற்றிய திருப்தி அது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முன்பு இந்த வழக்கம் இவ்வளவு பரவலாக இல்லை. 2017 வரை கவுன்சலிங் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. தென்காசியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் இரவு பஸ் பிடித்து வந்து, திரையில் காலியிடங்கள் குறைவதைப் பார்த்தபடியே காத்திருந்து, பெயர் வந்ததும் உள்ளே போய்ச் சில நிமிடங்களில் ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு வர வேண்டும். தேர்ந்தெடுத்த கல்லூரியைப் பலரும் அதற்குப் பிறகுதான் கண்ணால் கண்டார்கள். 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து விருப்பப் பட்டியலை வீட்டிலிருந்தபடியே அடுக்கலாம். கல்லூரிகள் எண்களாகிவிட்டன: கிண்டி என்றால் 1, மதுரை தியாகராசர் என்றால் 5008. நான்கு ஆண்டுகளையும் சில லட்சங்களையும் ஒரு எண்ணுக்கு எதிரே வைக்கும் குடும்பம், அந்த எண்ணுக்குச் சுவரும் கூரையும் உண்டா என்று பார்க்க விரும்புவதில் தவறே இல்லை.

ஆனால் பார்ப்பது நம் கையில் இல்லை, காட்டுகிறவர் கையில் இருக்கிறது. பல தனியார் கல்லூரிகளின் 'கேம்பஸ் விசிட்', மனைப்பிரிவு விற்பவர்கள் வேன் அனுப்பி மதியச் சாப்பாடு போட்டுப் பிளாட் காட்டுவதை அப்படியே ஒத்திருக்கிறது. அட்மிஷன் ஆபீசில் ஏசி, ஜூஸ், இருபது வயதுகளில் ஒரு பிஆர்ஓ. பிறகு எப்போதும் ஒரே பாதை: நுழைவாயில் நீரூற்று, செமினார் ஹால், ஒரு 'சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்', பளபளக்கும் ரோபோ, நூலகத்தின் முதல் தளம், பிளேஸ்மென்ட் பேனர். இரண்டாம் மாடியில் இருக்கும் துறை ஆய்வகம் பெரும்பாலும் பூட்டியிருக்கும். சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு லீவு. திரும்பி வந்து உட்கார்ந்ததும் பேச்சு வேறு திசைக்குப் போகும்: "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் கொஞ்சம் சீட்தான் சார் இருக்கு, இப்பவே பிளாக் பண்ணிட்டா நல்லது." மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லும் இடங்களும் உண்டு. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே அறிவித்துவிட்டது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சான்றிதழ்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

நேரில் பார்த்த மனப்பதிவு எவ்வளவு இலேசானது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பிள்ளையை அழைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போவது அங்கே நெடுங்காலப் பழக்கம். மூத்த மாணவர்கள் பின்பக்கமாக நடந்துகொண்டே கதை சொல்லிக் கூட்டிச் செல்வார்கள். படிப்புக்குப் பேர்போன, கேளிக்கைக்கு அவ்வளவாகப் பேர்போகாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு வந்துபோன மாணவர்களின் விவரங்களை, அவர்கள் வந்த நாளின் வானிலையோடு ஒப்பிட்டார் யூரி சைமன்சன் என்ற ஆய்வாளர். 2010இல் 'எகனாமிக் ஜர்னல்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. மேகமூட்டமான நாளில் வந்தவர்களே அங்கே அதிகம் சேர்ந்திருந்தார்கள். மேகமூட்டம் ஒரு திட்டவிலக்கம் கூடினால் சேரும் வாய்ப்பு 9 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. வெயிலடித்தால் வெளியே விளையாடத் தோன்றும், வானம் மூடியிருந்தால் படிப்பு இனிக்கும் என்பது அவர் தந்த விளக்கம். நான்கு ஆண்டு முடிவை ஒரு நாள் மேகம் அசைத்திருக்கிறது! நம் ஊரில் இதே ஆய்வைச் செய்தால் மேகத்துக்குப் பதில் ஏசியை அளக்க வேண்டியிருக்கும். கத்திரி வெயிலில் கார் கதவைத் திறந்து இறங்கி, குளிர்ந்த அறைக்குள் நுழையும் குடும்பத்துக்கு எந்தக் கல்லூரியும் நல்ல கல்லூரிதான்.

இதன் மறுபக்கம், அரசுக் கல்லூரிகளுக்கு நேரும் அநியாயம். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) 1945இல் தொடங்கியது. காரைக்குடி அழகப்ப செட்டியார் கல்லூரி 1952, சேலம் 1966, திருநெல்வேலி 1981. இவற்றைப் பார்க்கப் போனால் வரவேற்க யாரும் இருப்பதில்லை. வாட்ச்மேன் "யாரைப் பார்க்கணும்?" என்பார், யாரைப் பார்ப்பது என்று நமக்கும் தெரியாது. காரை பெயர்ந்த தூண், துருப்பிடித்த பெஞ்சு, சுண்ணாம்பு கண்டு வருடங்களான சுவர். பையன் முகம் சுருங்கிவிடும். ஆனால் கலந்தாய்வில் இந்தக் கல்லூரிகளின் இடங்கள், நீரூற்று வைத்த பெரும்பாலான கல்லூரிகளுக்கு முன்பே, உயர்ந்த கட்-ஆஃபில் நிரம்பிவிடுகின்றன. நல்ல மதிப்பெண்ணோடு வரும் சகமாணவர்கள், ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வந்த ஆசிரியர்கள், குறைந்த கட்டணம், பல பதிற்றாண்டுகளின் பழைய மாணவர் கூட்டம் ஆகிய எதுவும் சுவரில் ஒட்டியிருப்பதில்லை. கண்ணை மட்டும் நம்பினால் தோற்பது இந்தக் கல்லூரிகள்தான். நல்லவேளையாக, கட்-ஆஃப் பட்டியல் கண்ணைத் திருத்துகிறது.

கற்பித்தலைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்றும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் 224இல், 353 பேர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கு காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலோடு வெளியிட்டது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு விசாரணைக்கு உத்தரவிட்டது. அங்கீகாரம் கொடுக்க ஆய்வுக்குழு போகிற ஏற்பாட்டிலேயே இது தப்பியிருக்கிறது. பதிவேடுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரமுள்ளவர்கள் கண்ணிலேயே மண்ணைத் தூவ முடிந்தால், ஜூஸ் குடித்துவிட்டு அரை மணி நேரம் சுற்றிவரும் குடும்பத்தின் கண் எம்மாத்திரம்? அறை வாசலில் 'முனைவர்' என்று பெயர்ப்பலகை இருக்கும். அவர் இந்த ஊரில்தான் பாடம் நடத்துகிறாரா என்பதைப் பலகை சொல்லாது.

பிளேஸ்மென்ட் பேனரும் அப்படித்தான். நாற்பது லட்சம் வாங்கிய ஒரு முகம் பெரிதாகச் சிரிக்கும். நடுவரிசை மாணவன் என்ன வாங்கினான் என்பது பேனரில் இராது. ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்தால் மூன்று வேலை என்று எண்ணும் வழக்கமும் உண்டு. இதற்கெல்லாம் காரும் டீசலும் தேவையில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி தான் சமர்ப்பித்த தரவைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. அது கல்லூரியே தரும் கணக்கு என்பதால் முழுதாக நம்பத் தேவையில்லை; பேனரோடு ஒத்துப் பார்க்கலாம், இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் கேள்வி கேட்கலாம். பருவத் தேர்வுகளில் இணைப்புக் கல்லூரிகள் பெறும் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளையும் தாங்களே தயாரித்துத் திருத்திக்கொள்வதால், அவற்றின் 95 சதவீதத்தை இணைப்புக் கல்லூரியின் 60க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இந்த ஒரு நுணுக்கம் தெரியாமல் ஏமாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா? அதை நான் ஒப்பமாட்டேன். எந்தப் பட்டியலிலும் வராத சில விஷயங்கள் போனால்தான் தெரியும். அவை சின்ன விஷயங்களும் இல்லை. ஹாஸ்டலில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பசித்தால் என்ன வழி, கல்லூரி பஸ் காலை எத்தனை மணிக்கு ஊரைத் தாண்டுகிறது என்பதெல்லாம் நான்கு ஆண்டுகளை நேரடியாகத் தீர்மானிப்பவை. தினமும் இரண்டும் இரண்டும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் கழியும் பிள்ளை எந்தத் துறையில் சேர்ந்தாலும் தூக்கத்தில்தான் பட்டம் வாங்கும். அந்தப் பாதையைப் பிள்ளையோடு ஒருமுறை, கல்லூரி நேரத்தில், பஸ்ஸிலேயே போய்ப் பார்த்தால் பிராஸ்பெக்டஸ் முழுவதையும் படித்ததைவிட அதிகம் தெரியும்.

ஊழியர்கள் மாணவர்களிடம் பேசும் தொனி இன்னொன்று. அலுவலக ஜன்னலில் போனஃபைட் கேட்டு நிற்கும் மாணவனை "போடா, நாளைக்கு வா" என்று விரட்டுகிறார்களா, அடையாள அட்டை போடாததற்கு வாசலில் நிறுத்தி ஃபைன் போடுகிறார்களா, ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டு நடந்தால் விசில் ஊதுகிறார்களா என்று கவனிக்கலாம். பிஆர்ஓ இதை மறைக்க முடியாது, ஏனென்றால் அவருக்கு இது குறையாகவே தோன்றாது. கேன்டீனில் இரண்டாமாண்டு மாணவர்களோடு அத்தை மகனை உட்காரவிட்டுப் பெற்றோர் தள்ளிப் போய்விட்டால் பாதி ஆராய்ச்சி முடிந்தது. மூன்றாமாண்டில் எத்தனை பேருக்கு அரியர், எந்தப் பாடத்துக்கு பருவத்தின் பாதியில் ஆசிரியர் மாறினார் என்று அவர்களுக்குத் தெரியாததில்லை.

முதல் தலைமுறைப் பட்டதாரிக் குடும்பங்களுக்கு இந்தப் பயணம் இன்னொரு விதத்திலும் பயன்படுகிறது. அதைத் தகவல் தேடலாக மட்டும் பார்த்தால் தவறவிட்டுவிடுவோம். கல்லூரி வாசலை ஒருநாளும் மிதிக்காத அம்மா, பிரின்சிபால் அறைக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்து "ஹாஸ்டல்ல தயிர் குடுப்பீங்களா?" என்று கேட்கிறார். கூட வந்தவர்கள் நெளிவார்கள். எனக்கு அது நெளியத்தக்க கேள்வியாகத் தோன்றவில்லை. இந்த இடம் தனக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை அவர் பழகிக்கொள்கிறார். பின்னாளில் பிள்ளைக்கு ஏதாவது என்றால் அந்த அலுவலகத்துக்குத் தயங்காமல் வருவதற்கு அன்றைய பழக்கம் உதவும்.

பெண் பிள்ளையோடு வரும் குடும்பங்களின் கேள்விகள் வேறு. காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம், கேமரா எத்தனை, ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படும், அவுட்பாஸ் கொடுத்தால் வீட்டுக்கு மெசேஜ் வருமா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு இந்தப் பயத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இந்தக் கேள்விகள் பூட்டைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அதைப் புரிந்துகொண்ட கல்லூரிகள் பூட்டையே விளம்பரமாக்கிக் காட்டுகின்றன: "சாயங்காலம் ஆறரைக்கு மேல கேட்டுக்கு வெளியில ஒரு பொண்ணு இருக்காது சார்." பக்கத்து ஹாஸ்டல் பையன் ஒன்பது மணிக்கு வருவான். பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதிகள் போடக் கூடாது என்று யுஜிசியின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள் 2016இலிருந்தே சொல்கின்றன. அதே விதிமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார் குழுவையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்தக் குழுவின் தலைவர் யார், மாணவிகள் அவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்கும் பெற்றோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு பிஆர்ஓ விழித்தால், கேமரா எண்ணிக்கையைவிட அது அதிகம் சொல்லும்.

இவ்வளவு கேள்விகளிலும் அங்கே படிக்கப் போகிறவரின் குரல் எங்கே? பெரும்பாலும் செல்போனுக்குள். பதினேழு வயதுப் பிள்ளை அப்பா எதிரே "இந்த ஹாஸ்டல்ல என்னால இருக்க முடியாது" என்று சொல்லாது. சித்தப்பா கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, இரவில் நண்பர்கள் குழுவில் வேறு விதமாக எழுதும். இந்த வகையில் அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் நடக்கும் கல்லூரிக் களப்பயணம் எனக்குப் பிடித்த ஏற்பாடு. அரசுப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரோடு பக்கத்துக் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் இல்லை. சீட்டை பிளாக் பண்ணச் சொல்ல ஆளில்லை. கார் வாடகைக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் போகிறது. எல்லாவற்றையும்விட, பள்ளி நடக்கும் காலத்திலேயே போவதால் கல்லூரியும் நடந்துகொண்டிருக்கிறது. குறை, ஒரே கல்லூரியைப் பார்ப்பதால் ஒப்பிட வழியில்லை. கூட்டமாகப் போவதால் அது சில சமயம் சுற்றுலாவாகவும் ஆகிவிடுகிறது.

குடும்பங்கள் தவறவிடுவது இந்தக் காலக் கணக்கைத்தான். மே, ஜூனில் கல்லூரி பருவத் தேர்விலோ விடுமுறையிலோ இருக்கும். அப்போது போனால் வகுப்பறையில் பெஞ்சைத்தான் பார்க்க முடியும், பாடத்தைப் பார்க்க முடியாது. கேன்டீனில் கேட்பதற்கு மாணவர்கள் இருக்க மாட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போதே, செப்டம்பரிலோ பிப்ரவரியிலோ ஒரு வேலை நாளில் அட்மிஷன் ஆபீசுக்குத் தகவல் சொல்லாமல் போனால், அங்கே நடப்பது நடந்தபடி கிடைக்கும். வாட்ச்மேன் உள்ளே விடாவிட்டால், அது அந்தக் கல்லூரியைப் பற்றிய முதல் தகவல். அரசுக் கல்லூரிகளோ பருவத்துக்கு ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து, இறுதியாண்டு மாணவர்களை ஆய்வகத்தில் நிறுத்தினாலே போதும். அதற்கு நீரூற்று கட்ட வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை செலவுதான்.